படிக்கட்டைச் சுற்றி என்ன சுவர்?

கட்டடக்கலை மாணவர்களின் இறுதியாண்டு வரைபடங்களை மதிப்பிடப் போனால், இப்போதெல்லாம் அவசரப் படிக்கட்டைச் சுற்றி ஒரே கண்ணாடி. கேட்டால், "எல்லா ஆபீஸிலும் இப்படித்தான் சார்." ஒரு மாணவி மட்டும் ஜிப்சம் போர்டு போட்டிருந்தார். அப்பா இன்டீரியர் கான்ட்ராக்டராம், அவர் சொல்லிவிட்டாராம். சுவர் எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்று யாருமே குறிக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு படிக்கட்டுக்கு 120 நிமிடம் கேட்கிறது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் அதை அலட்டாமல் தாண்டும். கான்கிரீட்டும் அப்படித்தான், எடை குறைய வேண்டுமா, ஏஏசி பிளாக். ஜிப்சமும் மோசமில்லை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் சூடு ஏறத் தயங்கும். ஆனால் போர்டு, ஸ்டட், ஸ்க்ரூ, இணைப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்த அமைப்புக்குத்தான் சான்றிதழ். எலக்ட்ரீஷியன் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஸ்விட்ச் பாக்ஸுக்கு வெட்டிவிட்டால் போச்சு.

கண்ணாடிக்கு வருவோம். சாதாரண டஃபண்ட் கண்ணாடி தீயில் சீக்கிரமே நொறுங்கிவிடும். தீயைத் தாங்கும் என்று விற்பதிலும் எல்லாம் ஒன்றல்ல. ஒரு ரகம் சுடரையும் புகையையும் நிறுத்தும், அனலை விட்டுவிடும். அந்தப் பக்கம் இறங்குகிறவர் வெந்துபோவார். சோதனையில் மறுபக்கச் சூடு, தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடக் கூடாது. அதில் தேறுவது, அடுக்குகளுக்கு நடுவே சூடுபட்டால் நுரைத்துப் பொங்கும் பொருள் வைத்த ரகம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். கனமோ கனம். சைட்டில் வெட்ட முடியாது, துளைபோட முடியாது. சட்டமும் சோதனையில் இருந்த அதே சட்டமாக இருக்க வேண்டும். நாளைக்கு ஒன்று உடைந்தால், மெயின்டனன்ஸ்காரர் பக்கத்துக் கடையில் அதே அளவுக்குச் சாதாக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டுப் போவார். பார்த்தால் யாருக்கும் தெரியாது. நான் செங்கல் கட்சிதான். செங்கல்லை யாரும் அப்படி மாற்றி வைத்து நான் பார்த்ததில்லை.

சோதனை அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படிக்கப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர் முகப்பு வரையட்டும், தப்பில்லை. இருப்பவர் வெட்டுப்படத்தை எடுங்கள். சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்கிறதா, ஸ்லாப்வரை போகிறதா? கேபிள் நுழையும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று எழுதியாயிற்றா? தீக்கதவுக்கு க்ளோஸர் போட்டாலும் டீ கொண்டுவருகிற பையன் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பான். அலாரம் அடித்ததும் கதவை விட்டுவிடும் காந்தப் பிடியை இப்போதே வரைந்துவிடுங்கள்.