டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கு, டிரெய்லருக்கு?

பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கப் போவதாக யாராவது வாயெடுத்தால், கடம்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "பேப்பர் பாத்தியளா?" என்பதுதான். டயர், அச்சு, பட்டை எல்லாம் அவருக்கு அப்புறம். பேப்பர் விஷயத்தில் பட்ட அடியும், அதை வாங்கித் தந்த புரோக்கர் மேலுள்ள கோபமும் இன்னும் ஆறவில்லை.

கரிசல் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவர். முழுக்க மானாவாரி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருந்து, தை மாசியில் அறுக்கிற பூமி. ஊரே ஒரே வாக்கில் அறுவடையில் இறங்கும்போது வாடகை டிரெய்லருக்கு ஆலாய்ப் பறக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கியது சரிதான் என்று இன்றைக்கும் வாதாடுகிறார். வாடகைக்கே ஓட்டியிருக்கலாமே என்ற மச்சினனுக்கு ஒரு குட்டு: "அவனுக்கென்ன, பஜார்ல கடை. களத்துல கெடக்க மக்காச்சோளம் நனைஞ்சா அவனுக்கா நட்டம்?"

புரோக்கர் காட்டிய டிரெய்லர் பார்வைக்குக் குறைசொல்ல முடியாதது. இரண்டு சக்கரம், ஹைட்ராலிக் ஜாக்கி, புது பெயிண்ட். விலையோ, பட்டறையில் புதிதாகச் செய்ய ஆகும் தொகையில் பாதிக்கும் கீழே. ஆர்.சி. எங்கே என்று கேட்டதற்கு வந்த பதிலை அவர் அப்படியே நடித்துக் காட்டுகிறார்: "டிராக்டருக்குத்தான் ஆர்.சி. இருக்குல்லா அண்ணாச்சி, பின்னால இழுத்துட்டுப் போற பெட்டிக்கு எதுக்கு?"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, மற்ற வாகனங்களைப் போலவே டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். பதிவில்லாத வாகனத்தை ஓட்டினால் முதல் முறையே அபராதம் 5,000 ரூபாய் வரை போகும், 2,000-க்குக் குறையாது. காப்பீடு இல்லாததற்குத் தனியாக 2,000. மறுபடி பிடிபட்டால் 4,000.

மக்காச்சோள மூட்டையோடு நான்குவழிச் சாலையில் ஏறிப் பிடிபட்ட அன்றைக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் அவருக்குப் புரிந்தது. அபராதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இனிமேலாவது பதிவு செய்துவிடலாம் என்று அலைந்ததில்தான் நொந்துபோனார். பதிவுக்கு விற்பனைச் சான்று வேண்டும். அது படிவம் 21. செய்தவர் கொடுக்கும் தகுதிச் சான்று வேண்டும். அது படிவம் 22. செய்த பட்டறையையோ மூடிவிட்டார்கள். சேஸில் அடித்த எண் என்று ஒன்றும் இல்லை. புரோக்கர் போனை எடுக்கவில்லை. கடைசியில் அந்த டிரெய்லர் எடைக்குப் போனது, பழைய இரும்பு விலையில்.

"ஆளு இப்பவும் சந்தையில திரியுதான். இப்ப வேற ஆளுக்குப் பெட்டி காட்டுதான்" என்பதைச் சொல்லாமல் அவர் இந்தக் கதையை முடிப்பதில்லை.

அபராதத்தைவிடப் பெரிய பள்ளம் காப்பீட்டில் இருக்கிறது. 2007-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு ஒன்று. செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன டிராக்டரின் டிரெய்லரிலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி ஊனமானார். டிராக்டரின் காப்பீடு விவசாய வேலைக்கு மட்டுமானது. டிரெய்லருக்குக் காப்பீடே கிடையாது. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஆனால் தொழிலாளி ஏழை என்பதைக் கருதி, நிறுவனம் முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் உத்தரவிட்டது. சுமை முழுவதும் உரிமையாளர் தலையில்தான் வந்து விழுந்தது. டிராக்டர் பாலிசி எடுக்கும்போதே டிரெய்லரையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதற்கான பிரீமியத்தையும் கட்டிவிட வேண்டும்.

லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர் அதில் டிரெய்லர் மாட்டிச் சரக்கு ஏற்றினால் உரிமம் செல்லாமல் போய்விடாது என்று 2001-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது டிரெய்லரை அவர் ஆர்.சி.யோடுதான் வாங்கினார். பணத்தை எண்ணுவதற்கு முன்னாலேயே படிவம் 29-இலும் 30-இலும் விற்றவரின் கையெழுத்தை வாங்கினார். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்கு எழுத வேண்டும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் தேவை. அதில்லாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார்.

மற்ற சோதனைகளை அவர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். புது பெயிண்ட் அடித்திருந்தால் அடியில் படுத்து சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்ட வேண்டும். ஆடினால் பேரிங் போய்விட்டது. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கும். பட்டையில் உடைந்த தகடு, கொக்கி வளையத்தில் தேய்மானம், ஜாக்கியில் எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்க்க வேண்டும். ஜாக்கியைக் காலிப் பெட்டியோடு தூக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. பாரம் ஏற்றித்தான் தூக்க வேண்டும். பின்விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம்.

இரண்டு சக்கரமா நான்கு சக்கரமா என்பதில் மட்டும் அவர் கொஞ்சம் நிதானிக்கிறார். இரண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும். அதனால் பிடிமானம் கூடும். அளவுக்கு மீறி முன்பக்கமாக ஏற்றினாலோ டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டீயரிங் கேட்காது. மழை குடித்தால் உப்பிக் குழைவதும் கோடையில் வெடிப்பதும் கரிசலின் குணம். ஈரம் உலருமுன் பாரத்தோடு காட்டுக்குள் இறக்கினால், எத்தனை சக்கரமானாலும் அச்சு வரை புதையும். செம்மண்காரர்களுக்கும் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அவர் எல்லோருக்கும் கரிசல்தான் வாய்த்திருப்பதாக நினைத்துத்தான் பேசுகிறார்.

ஒரு விஷயத்தில் அவர் வளைந்து கொடுப்பதே இல்லை. கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஆள் ஏற்ற டிரெய்லர் கேட்டு வந்தால், சொந்தக்காரர் என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்தத்தில் பாதிப்பேர் அதனால் முகம் கொடுப்பதில்லை. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

வாங்கப் போகிறவர்கள் அறுவடை நெருக்கத்தில் போகாமல், வேலையில்லாத ஆனி ஆடியில் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் டிரெய்லரின் எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு உரிமையாளர், கடன், காப்பீடு மூன்றையும் சரிபாருங்கள். போடுவதற்கு எண்ணே இல்லை என்றால் பேரம் பேச வேண்டாம். கடம்பூர் ஸ்டேஷனில் போளி வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுங்கள்.