'முடிந்தது' என்று மட்டும் சொன்ன ஸ்கிரிப்ட்

போன லீவில் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். அங்கே பாகங்களை அளக்கும் சி.எம்.எம். மெஷின், ஒரு பாகத்துக்கு ஒரு சி.எஸ்.வி. ஃபைல் வீதம் நேராக லினக்ஸ் சர்வரில் சேமிக்கும். ஷிஃப்ட் ஃபோல்டர்களில் கிடக்கும் அந்த ஃபைல்களைப் பார்ட் நம்பர் வாரியாகப் பிரித்து வைக்கணும். பாஷில் பதினைந்து வரி எழுதி சாயங்காலம் ஓட்டினேன். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. நானும் ரூமுக்குக் கிளம்பிட்டேன்.

மறுநாள் காலையில் குவாலிட்டி அக்கா கேட்டாங்க, "தம்பி, ஏ ஷிஃப்ட் ரிப்போர்ட் எல்லாம் எங்கப்பா?"

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஃபைல் பெயர் 001லிருந்து திரும்பத் தொடங்கும். இரண்டு ஷிஃப்டிலும் அன்றைக்கு ஒரே பாகம்தான் ஓடியது. ஏ ஷிஃப்டின் 001 மேல் பி ஷிஃப்டின் 001 ஏறி உட்கார்ந்துவிட்டது. எம்வி கமாண்ட் அப்படித்தான். அதே பெயரில் ஃபைல் இருந்தால் பொதுவாகக் கேட்காமலே மேலே எழுதிவிடும். 46 ரிப்போர்ட் காலி. பாகங்களோ ராத்திரியே லாரி ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டன. திரும்ப அளக்க வழியில்லை.

'92 ஃபைல் எடுத்தேன், ஃபோல்டரில் 46தான் இருக்கு' என்று ஸ்கிரிப்ட் கடைசியில் ஒரு வரி சொல்லியிருந்தால், லாரி கிளம்பும் முன்னே பிடித்திருக்கலாம். இன்னொரு கூத்து: பாஷ் ஸ்கிரிப்டின் முடிவு எண், நாம் தனியாகக் கொடுக்காவிட்டால், கடைசிக் கமாண்டுடையதுதான். என் கடைசி வரி 'முடிந்தது' என்ற எக்கோ. நடுவில் எம்வி தோற்றிருந்தாலும் 0, அதாவது 'வெற்றி' என்றே போயிருக்கும். கிரெப்பைப் பாருங்க: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. அடுத்து ஓடும் ஸ்கிரிப்ட் இந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுக்கும்.

இப்போ அதைத் திருத்தி எழுதியிருக்கேன். சும்மா ஓட்டினால் ஒரு ஃபைலும் நகராது; எது எங்கே போகும் என்ற பட்டியல் மட்டும் வரும். நிஜமாக நகர்த்த 'ரன்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுக்கணும். ஆர்சிங்க், மேக் இரண்டிலும் இது தலைகீழ். ஒத்திகைக்குத்தான் மைனஸ் என் கொடுக்கணும். கைப்பழக்கம் உள்ளவருக்கு அது சரி. நைட் ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவருக்கு, மறந்தால் ஒன்றும் ஆகாத பக்கம்தான் டீஃபால்ட்டாக இருக்கணும் என்பது என் கட்சி.

அதே மைனஸ் என், எம்வியில் 'மேலே எழுதாதே'. ஹெட்டில் 'எத்தனை வரி'. அதனால் ஒற்றை எழுத்தோடு நிறுத்தாமல் முழுப் பெயரும் கொடுங்க. மைனஸ் ஐ போட்டால் எம்வி கேட்டுவிட்டுத்தான் மேலே எழுதும். ஆனால் கிரானில் ஓடும்போது பதில் சொல்ல யார் இருக்காங்க?

ஆப்ஷனே வராவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்கணும். 2015 ஜனவரியில் லினக்ஸ் ஸ்டீமின் ஸ்கிரிப்டில் ஒரு ஃபோல்டர் வேரியபிள் காலியாகிப்போய், அழிக்கும் கமாண்ட் ரூட்டிலிருந்தே தொடங்கி ஒருவருடைய ஃபைல்களைத் துடைத்துவிட்டது. அந்த வரிக்கு மேலே, எழுதியவரே 'பயங்கரம்!' என்ற பொருளில் கமெண்ட் போட்டிருந்தார். கமெண்டுக்குப் பதில், காலியா என்று ஒரு இஃப் போட்டிருக்கலாம்.

பிழைச் செய்திக்கு வருவோம். 'பிழை: தோல்வி' என்றால் யாருக்கும் பிரயோஜனமில்லை. என் ஸ்கிரிப்ட் இப்போ சொல்வது:

நகர்த்தவில்லை: பி ஷிஃப்ட், 001. இதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே உள்ளது. பெயரில் ஷிஃப்டைச் சேர்க்க 'ஷிஃப்ட்' ஆப்ஷன் கொடுக்கவும்.

எந்த ஃபைல், ஏன், அடுத்து என்ன. இங்கே தமிழில் காட்டியிருக்கேன். அங்கே எளிய இங்கிலீஷ்தான். ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கலந்துதான் பேசறாங்க. ஃபைல் பெயரும் எண்ணும் எல்லாருக்கும் புரியும். இந்த வரிகள் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகணும், பட்டியல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு. இல்லைன்னா பட்டியலை ஃபைலில் சேமிக்கும்போது பிழையும் அதற்குள்ளேயே புதைந்துவிடும்.

உங்க பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை எடுங்க. இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் வேறு வேறு ஃபைல் வைத்து ஓட்டிப் பாருங்க. முதலில் காப்பி எடுத்துக்கோங்க.