நிதியமைச்சர் பட்டம் யாருக்கு வேண்டும்?

“சம்பளத்தை அப்படியே அவ கையில கொடுத்துடறேன் மேடம். எங்க வீட்டு நிதியமைச்சரே அவதான்.” குடும்ப நீதிமன்ற வராந்தாவில் இதைச் சொல்லாத கணவர் அபூர்வம். சிலர் வாதமாகவே எழுதித் தரச் சொல்கிறார்கள்!

அந்த அமைச்சருக்கு என்ன வேலை? பால் பாக்கி, சிலிண்டர், பள்ளிக் கட்டணம், சீட்டுத் தவணை. இருபதாம் தேதிக்குமேல் பக்கத்து வீட்டில் கைமாற்று. மனை வாங்குவதும், தம்பியின் கடனுக்கு ஜாமீன் போடுவதும், பி.எஃப். பணத்தை எடுப்பதும் அவர் காதுக்கே வருவதில்லை. பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேலைக்கு அதிகாரம் என்று பெயர் சூட்டாதீர்கள். வீட்டுப் பணத்தை நிர்வகிப்பது வேறு, அதன்மேல் பிடி வைத்திருப்பது வேறு என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜேன் பால் 1980-களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். வருமானம் குறைந்த வீடுகளில்தான் நிர்வாகம் பெரும்பாலும் மனைவி தலையில் விழுகிறது என்பதையும் சொன்னார்.

சட்டமும் இந்தப் பட்டத்தை மதிப்பதில்லை. போர்த்துகீசியச் சட்டம் தொடரும் கோவா போன்ற பகுதிகளை விட்டால், கணவர் சம்பாதித்த சொத்தில் மனைவி என்பதற்காகவே பாதி தரும் சட்டம் இங்கே கிடையாது. கணவர் சவூதியில் சம்பாதிக்க, ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பம் நடத்திய மனைவிக்குச் சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தக் கணவர் ஊர் திரும்பியது 1994-இல். தீர்ப்பு வந்தது 2023-இல்.

“டெபாசிட்டுக்கு நாமினி நான்தானே?” நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுகள் பங்கு கேட்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“நகை ரெண்டு பேருக்கும் பொது.” இல்லை. சீதனம் அவளுடையது, 1985-இலும் 2024-இலும் அதே நீதிமன்றம் சொன்னது இது. அவசரத்துக்கு அடகு வைத்தால் மீட்டுத் தர வேண்டும்.

எனக்குப் பத்திரம் ஒன்றுதான் கணக்கு. மனை வாங்கினால் கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. அந்தச் சலுகைக்காக மனைவி பெயரில் பதிந்துவிட்டு, கையோடு அவளிடமே பவர் எழுதி வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அப்படி ஒரு காகிதம் நீட்டப்பட்டால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிறகும் போட வேண்டாம்.