கரையிழந்தவர்களுக்கு வீடு: பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: புயலிலும் கடலரிப்பிலும் வீட்டை இழப்பவர்களின் மறுகுடியேற்றத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

பதில்: முதலில் கைகொடுப்பது மாநிலப் பேரிடர் நிதி. தமிழ்நாட்டில் அதற்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் தருகின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி உடனடி நிவாரணத்துக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடைகளில் கிடைத்த 6,000 ரூபாய் போன்ற உதவித்தொகை வீட்டுச் செலவைச் சமாளிக்க உதவும்; வீடு கட்ட உதவாது.

வீட்டுக்குப் பெருங்கடன் வேண்டும். 2004 சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் பல, திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டன. தமிழகக் கடலோர மறுகட்டமைப்புக்கு உலக வங்கி 2005இல் கடன் அளித்தது. பின்னர் எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இத்தகைய திட்டங்களின் கணக்கு பெரும்பாலும் கட்டடத்தோடு முடிந்துவிடுகிறது; வலை காயப்போடும் இடமும் கரைக்குப் போய்வரும் செலவும் மீனவர் தலையில்தான்.

சுனாமியைப் போலன்றி, கடலரிப்பு மெல்ல நடப்பது. பேரிடர் என்று அறிவிக்கப்படுவதே அரிது. 15ஆவது நிதிக்குழுதான் 2021–26 காலத்துக்கு, அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியேற்றத்துக்கென்று தேசியப் பேரிடர் நிதியில் 1,000 கோடி ரூபாயைத் தனியாக ஒதுக்கப் பரிந்துரைத்தது. நாடு முழுமைக்கும் அவ்வளவுதான். உலக அளவில், 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாடு இழப்பு–சேத நிதியத்துக்கு ஒப்புதல் அளித்தது. இடம்பெயர்வும் அதன் வரம்புக்குள் வருகிறது.