முதலில் யாரிடம் செல்வது?

நோயாளிகளுக்குப் பணிவிடை செய்பவரிடம் நாம் முதலில் எதிர்பார்ப்பது அன்பு. அது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் அன்பு மட்டுமே விடை கூற முடியாத கேள்வி ஒன்று மருத்துவமனையில் நாள்தோறும் எழுகிறது. ஒரே நேரத்தில் நால்வருக்குத் தேவை ஏற்பட்டால், முதலில் யாரிடம் செல்வது?

சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் உண்டு என்கிறது சரக சம்ஹிதை. மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என்பவை அவை. பணிவிடையாளருக்கு வேண்டிய பண்புகளாகவும் நான்கினை அது குறிப்பிடுகிறது: பணிவிடை செய்யும் முறையை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. அன்போடு அறிவும் இங்கே சேர்த்துக் கூறப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

நான்கு கட்டில்கள்

ஒரு பொது வார்டை மனக்கண்முன் கொண்டு வருவோம். காலை எட்டரை மணி. அந்த நேரத்தில் அங்கிருப்பவர் ஒரே ஒரு செவிலியர். மூன்றாம் கட்டிலில் நரம்பு வழியாக ஏறும் மருந்துப் புட்டி காலியாகப் போகிறது. ஏழாம் கட்டில் நோயாளியின் மகன், படுக்கை விரிப்பை இன்னும் மாற்றவில்லை என்று உரத்த குரலில் கோபிக்கிறார். பத்தாம் கட்டிலில், முந்தின நாள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்மணி வலியால் முனகுகிறார். பதினான்காம் கட்டிலில் நீரிழிவு நோயுள்ள முதியவர் ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். அவர் எதையும் கேட்கவில்லை. "தாத்தா நல்லாத் தூங்குறார், சிஸ்டர்" என்கிறாள் அருகிலிருக்கும் பேத்தி.

செவிப்புலனை மட்டும் நம்பினால் செவிலியர் ஏழாம் கட்டிலுக்குச் செல்வார். இரக்கத்தை மட்டும் நம்பினால் பத்தாம் கட்டிலுக்குச் செல்வார். ஆனால் அனுபவமுள்ள செவிலியரின் பார்வை முதியவரின் நெற்றியில் துளிர்த்திருக்கும் வியர்வையில் நிலைக்கிறது. அவருக்கு ஏழரை மணிக்கு இன்சுலின் போடப்பட்டது. காலை உணவோ தட்டில் தொடப்படாமல் இருக்கிறது. நேற்று இதே நேரத்தில் அவர் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நான்கு செய்திகளும் தனித்தனியே சிறியவை. சேர்த்துப் பார்த்தால் அவை ஓர் ஆபத்தைச் சுட்டுகின்றன: இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்திருக்கலாம். மூளை தன் இயக்கத்திற்குப் பெரிதும் குளுக்கோஸையே சார்ந்திருக்கிறது. அது குறைந்துகொண்டே போனால் வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படலாம், உயிரே போகலாம்.

செவிலியர் செய்வது என்ன? வழியிலுள்ள மூன்றாம் கட்டிலில் குழாயின் திருகை மூடிவிடுகிறார். அதற்குச் சில விநாடிகளே ஆகும். பத்தாம் கட்டிலில், "வலி எங்கே அம்மா? மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா?" என்று நடந்தவாறே கேட்கிறார். தையல் போட்ட இடத்தில்தான் வலி, மூச்சு சீராக இருக்கிறது என்று தெரிகிறது. "பத்து நிமிடத்தில் மருந்தோடு வருகிறேன்" என்று சொல்லிச் செல்கிறார். பதினான்காம் கட்டிலில் முதியவரைப் பெயர் சொல்லி எழுப்பிப் பார்க்கிறார்; தெளிவான பதில் இல்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே குறைவு, இவருக்கு 42.

நன்றாக விழித்திருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால், சுமார் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிப்பார்கள். அரை மயக்கத்தில் உள்ளவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது; அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். ஆகவே மருத்துவர் அழைக்கப்படுகிறார்; நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தப்படுகிறது. சிறிது நேரத்தில் முதியவர் கண் திறந்து பேத்தியைத் தேடுகிறார்.

சமநோக்கு என்பது என்ன?

எல்லோரையும் சமமாகக் கருதுவதே சேவையின் அடிப்படை அல்லவா, ஒருவரை முந்தவிட்டு மற்றவரைக் காக்க வைப்பது எப்படிச் சமநோக்காகும் என்று ஒருவர் கேட்கலாம். அக்கறை எல்லோரிடமும் சமமாக இருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் தேவைகள் சமமானவை அல்ல. நெப்போலியனின் படையில் பணியாற்றிய லாரே என்ற அறுவை மருத்துவர், படைவீரரின் பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து வரிசை அமைத்தார். குரலின் உரமும் செல்வாக்கும் வரிசையைத் தீர்மானிக்காதபோதுதான் உண்மையான சமநோக்கு அங்கே நிலவுகிறது.

இந்த வரிசை நிலையானதும் அல்ல. பத்தாம் கட்டில் பெண்மணி, "நெஞ்சு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது" என்று கூறியிருந்தால், அந்தக் கணமே அவரும் அவசர வரிசைக்கு வந்திருப்பார். உதவிக்கு இன்னொருவரைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டியிருந்திருக்கும். விவேகம் என்பது ஒருமுறை முடிவெடுத்துவிட்டு ஓய்வது அன்று; மீண்டும் மீண்டும் பார்ப்பது.

காக்க வைக்கப்பட்டவரை மறந்துவிடுவதும் பிழையே. சொன்னபடி பத்து நிமிடத்தில் வலி மருந்து வர வேண்டும். விரிப்பு மாற்றப்பட வேண்டும். கோபித்த மகனிடம் தாமதத்தின் காரணத்தை ஓரிரு சொற்களில் கூற வேண்டும். அவருடைய கோபத்தின் பின்னாலும் தந்தையைப் பற்றிய அச்சம் இருக்கக்கூடும்.

கவனித்தலே வேர்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய தமது நூலில், நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். இன்றைய மருத்துவமும் அதனையே வலியுறுத்துகிறது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, உடல் வெப்பம், விழிப்புநிலை ஆகியவற்றை அளந்து, நிலைமை மோசமாவதை முன்கூட்டியே அறிய உதவும் முறை இது. 2017-இல் அதனைத் திருத்தியபோது, புதிதாகத் தோன்றும் மனக்குழப்பமும் ஆபத்தின் அறிகுறியாகச் சேர்க்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வெளியிலும் இந்தப் பாடம் நமக்கு உதவும். நம்மில் பலர் வீட்டில் முதியவர்களைக் கவனித்து வருகிறோம். மருந்து கொடுப்பதோடு, நாளுக்கு ஒருமுறையேனும் அவர்கள் அருகில் அமைதியாக அமர்ந்து பார்ப்போம். ஒரு முழு நிமிடம் அவர்களது மூச்சை எண்ணுவோம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு அது 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 25-ஐத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாட வேண்டும். உணவு குறைந்ததா, சிறுநீர் குறைந்ததா, பேச்சில் தெளிவு மாறியதா என்று கவனிப்போம். "இன்று இவர் ஏதோ ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்று வீட்டில் ஒருவருக்குத் தோன்றினால், அதனைப் புறக்கணிக்காமல் மருத்துவரிடம் கூறுவோம்.

கேட்பவருக்குக் கொடுப்பது நல்ல சேவை. கேட்க இயலாமல் கிடப்பவரின் தேவையை அறிவதற்கு, அன்போடு விழிப்பும் வேண்டும். அந்த விழிப்பு பயிற்சியால் வருவது. அதனை இன்றே, நம் வீட்டிலிருக்கும் ஒருவரின் கட்டிலருகே அமர்ந்து தொடங்கலாம்.