காஞ்சி போட எந்த ஜாடி?

டிசம்பர் பிறந்ததும் தில்லிக் காய்கறி வண்டிகளில் கறுப்புக் காரட் தலைகாட்டும். பஞ்சாபிக் குடும்பங்கள் அதைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம் 'காஞ்சி'. நம் கஞ்சி என்று எண்ணிவிட வேண்டாம். காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! செய்முறையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதில் போடுவது என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆகவே பாத்திரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கொதித்து ஆறிய தண்ணீர் 2 லிட்டர், நீளமாக நறுக்கிய காரட் அரை கிலோ, உப்பு சுமார் 40 கிராம், கடுகுப் பொடி 3 மேஜைக்கரண்டி, மிளகாய்ப் பொடி 1 தேக்கரண்டி. கடுகை அன்றே பொடிக்க வேண்டும். பொடித்த கடுகில் தண்ணீர் படும்போதுதான் அதன் காரம் பிறக்கிறது. வெயிலில் 4 முதல் 7 நாள் வைத்தால் காரட்டிலுள்ள நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். கூடவே கரியமில வாயுவும் வரும். பாத்திரம் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றும் கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். "ஈயம் பூசிய பாத்திரத்தில் ரசம் வைக்கிறோமே" என்று கேட்கலாம். ரசம் அரை மணியில் இறங்கிவிடும். காஞ்சி ஒரு வாரம் நிற்கும். பிளாஸ்டிக்கில் சாயமும் கடுகு வாசனையும் ஏறிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணாடி நல்லதுதான். ஆனால் திருகு மூடியை இறுக்கிவிட்டால் வாயு வெளியேற வழியின்றிப் பாட்டில் வெடிக்கக்கூடும். குழந்தைகள் விளையாடும் மொட்டை மாடியில் இது சின்ன விஷயமல்ல. வாய்க்கு மெல்லிய துணி கட்டினால் போதும்.

என் தேர்வு ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடி. இங்கே 'மர்த்தபான்' என்பார்கள். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயர்தான் ஜாடிக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் செய்தவை தில்லியில் எளிதாகக் கிடைக்கும். வாங்கும்போது உட்புறத்தைப் பாருங்கள். சில மெருகுப் பூச்சுகளில் காரீயம் உண்டு. புளிப்பு அதைக் கரைத்து இழுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. ஆகவே அழகுக்காக விற்கும் வண்ண ஜாடி வேண்டாம். உணவுக்கென்றே, காரீயமற்ற பூச்சு என்று சொல்லி விற்பதை வாங்குங்கள். பாட்டி காலத்து ஜாடியே ஆனாலும் உள்பூச்சு வெடித்திருந்தால் அதில் குடையைச் செருகி வைக்கலாம், காஞ்சி போடக் கூடாது. மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க, தண்ணீர் நிரப்பி இரவு முழுதும் செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் தெரிந்துவிடும்.

மேலே சொன்ன அளவுக்கு 4 லிட்டர் ஜாடி சரியாக இருக்கும். வாயுவால் காரட்டும் கடுகும் மேலே எழும்பும், அதற்கு இடம் வேண்டுமல்லவா? வாய் கை நுழையும் அகலம் இருக்கட்டும். தினமும் உலர்ந்த மரக்கரண்டியால் கிளறி, மிதக்கும் துண்டுகளை அமிழ்த்துங்கள். காற்றில் நிற்பவைதான் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

புளிப்பு வந்ததும் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஊறிய காரட் தயிர்சாதத்துக்கு அருமையாகச் சேரும்.