ஆயாவும் ஆயீயும்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஷாங்காயில் ஒரு வீட்டில் தங்கி, குழந்தையோடு ஆங்கிலம் பேசி, மீதி நேரத்தில் சீனம் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் கடைசி வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "அங்கே வேலைக்காரம்மாவை ஆயீ என்கிறார்களாமே, நம் ஆயாதானே அங்கே போய் ஆயீ ஆனது? படித்த பெண் ஆயா வேலைக்கா போகிறாள் என்று அம்மா அழுகிறாள்."

ஓசை ஒத்துப்போனால் உறவு கொண்டாடும் இந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். குழந்தை பார்க்கும் ஆயா போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல், தாதியைக் குறிப்பது. செட்டிநாட்டில் அம்மாவின் அம்மாவைக் கூப்பிடும் ஆயா நம்முடையது, தாயைக் குறிக்கும் ஆய் என்ற சொல்லின் வழி வந்தது. சீனத்து ஆயீ இந்த இரண்டோடும் ஒட்டுறவில்லாத மூன்றாவது சொல். அதில் 'ஆ' வெறும் முன்னொட்டு, கூப்பிடுவதற்காகச் சேர்ப்பது. 'யீ' என்றால் அம்மாவுடன் பிறந்தவள். ஆக, ஆயீ என்பவள் சித்தி.

சீனக் குழந்தை தெருவில் பார்க்கும் அம்மா வயதுப் பெண்களை எல்லாம் ஆயீ என்றுதான் கூப்பிடும். வீட்டு வேலை செய்பவளுக்கும் அதே பெயர். அப்பாவுடன் பிறந்தவளுக்குக் 'கூகு' என்று தனிச்சொல் இருக்கிறது. அதை ஊராருக்கு இப்படி வாரி வழங்குவதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஆணை 'ஷூஷு' என்பார்கள். அது சித்தப்பா, அதாவது அப்பா வழி! ஏன் இப்படி? இருபது வருடமாக இதை மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தைக்குக் குழந்தையின் குடும்பப் பெயரே இருக்கும். அவள் குலத்தில் பாதி. சித்திக்கு வேறு பெயர். பாசம் உண்டு, பாத்தியதை கிடையாது. வேலைக்கு வரும் பெண்ணிடம் ஒரு வீடு எதிர்பார்ப்பதும் அதைத்தானே? சான்று கேட்காதே, இது என் ஊகம். ஆனால் அத்தையின் அதிகாரத்தையும் சித்தியின் செல்லத்தையும் அறிந்த தமிழ்ப் பெண்ணுக்கு இது சட்டென்று புரியும். 'ஆன்ட்டி' என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் மெழுகிவிடுகிறவர்களுக்குப் புரியாது.

இங்கே ஐ சிங் நினைவுக்கு வருகிறார். 1910இல் சேஜியாங் மாகாணத்துப் பண்ணை வீட்டில் பிறந்த கவிஞர். இந்தக் குழந்தை பெற்றோருக்கு ஆகாது என்று ஜோசியன் சொல்ல, ஓர் ஏழைக் குடியானவளிடம் பால் குடிக்க அனுப்பிவிட்டார்கள். ஐந்து வயது வரை அங்கேதான் வளர்ந்தார். 1933இல் ஷாங்காய்ச் சிறையில் இருந்தபோது அவளைப் பற்றி எழுதிய கவிதைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அந்தக் கவிதையின் தலைப்பு தாயென்ஹெ. அது அவள் பிறந்த ஊரின் பெயர்; அவளையும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கென்று தனியாக ஒரு பெயர் இல்லை. உன்னை வகுப்பில் இதைப் படிக்கச் சொன்னேன்; நீ படிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, உன் விஷயம். நீ ஆயீ அல்ல. நீ போகும் ஏற்பாட்டுக்கு 'ஓ பேர்' என்று பெயர்; அந்தப் பிரெஞ்சுத் தொடருக்குச் 'சரிநிகராக' என்று பொருள். சீனர்கள் அதை 'ஹூஹுவேய்ஷெங்' என்று மொழிபெயர்த்தார்கள்: இரு பக்கமும் பயன்பெறும் மாணவர். கடைசி எழுத்தான 'ஷெங்' மாணவருக்கு உரியது, அதை விட்டுக்கொடுக்காதே. குழந்தை உன்னை 'ஜியேஜியே' என்று கூப்பிடட்டும், அக்கா. அக்காவைப் பாத்திரம் தேய்க்கச் சொல்ல வீட்டாருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஆனால் பெயர் மட்டும் காப்பாற்றாது. ஐரோப்பாவில் இந்த ஏற்பாட்டுக்கு 1969இலேயே ஸ்ட்ராஸ்பூர்கில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள்: வயது 17 முதல் 30, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. சீனாவுக்கு அது செல்லாது. ஓ பேருக்கென்று அங்கே தனி விசாவும் இல்லை. மாணவர் விசாவில் போய், அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்வதாகக் கருதப்பட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானால் 5 முதல் 15 நாள் காவல். 'கைச்செலவுப் பணம்' என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று தரகர் சொன்னால் நம்பாதே. இன்னொன்று: 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷனை ஒடுக்கியது. சில மாதத்திலேயே, 'வீட்டோடு தங்கும் ஆசிரியர்', 'உயர்தர வீட்டுப்பணி' என்ற போர்வையில் நடப்பதும் டியூஷன்தான் என்று கல்வி அமைச்சகம் பெயர் சொல்லியே எச்சரித்தது. குழந்தையோடு ஆங்கிலத்தில் விளையாடு. பள்ளிப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தால் நீ டியூஷன் வாத்தியார் ஆகிவிடுவாய்.

அந்த வீட்டில் பாட்டியும் இருப்பாள். 'கிராண்ட்மா' என்று சொல்லித் தொலைக்காதே. அப்பத்தா என்றால் 'நைநை', அம்மாவின் அம்மா என்றால் 'வைப்போ'. வெந்நீர்தான் குடிக்கச் சொல்வாள். குடித்துவிடு, சண்டை வேண்டாம்.

போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் உன் தங்குமிடத்தைப் பதிவு செய். கடவுச்சீட்டை வீட்டாரிடமோ தரகரிடமோ ஒப்படைக்காதே.

அநேகமாக அந்த வீட்டில் நிஜ ஆயீ ஒருத்தி ஏற்கெனவே இருப்பாள். அன்ஹுவேயிலிருந்தோ சிச்சுவானிலிருந்தோ வந்தவளாக இருக்கலாம். தன் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள். வெறும் ஆயீ என்று கூப்பிடாதே. குடும்பப் பெயரைக் கேட்டு முன்னால் சேர்த்துக்கொள்: வாங் ஆயீ, லீ ஆயீ என்று. அது என்ன பெயர் என்று முதல் கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்